படலை எடுத்தவர்

தெய்வசிகாமணி முப்பத்திரண்டு வருஷத்தில் நாலாயிரம் கல்யாணத்தைப் படம் பிடித்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷர், ஒரு வேலியைப் படம் பிடிக்கத் தெரியாமல் எட்டு நாளாகத் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்.

சிரிக்காதீர்கள். அவருக்கு அது உயிர் போகிற விஷயம்.

தாராபுரத்தில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருந்தார். அந்த வட்டாரத்தில் அவர் கேமரா பார்க்காத தாலி கிடையாது. ஒரு நாள் அவருடைய மருமகன் பழைய ஆல்பங்களைத் தூசி தட்டி அடுக்கிக்கொண்டே விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னான்.

"மாமா, நாலாயிரம் கல்யாணம்னு சொல்றீங்க. எனக்கென்னமோ எல்லாம் ஒரே கல்யாணமாத்தான் தெரியுது. மூஞ்சி மட்டுந்தான் மாறுது."

தெய்வசிகாமணியும் கூடச் சேர்ந்து சிரித்தார். மருமகன் டீ குடிக்கப் போனதும் ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அதே தலைச் சாய்ப்பு. அதே சிரிப்பு. அதே இடத்திலிருந்து அதே வெளிச்சம். பாவி மகன் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானம் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

நான் படம் பிடிக்கிறவனா, இல்லை வெறுமனே பொத்தானை அமுக்குகிறவனா? இந்தக் கேள்வி உள்ளே புகுந்தது. புகுந்தது வெளியே வரவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். யாரும் சொல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், தன்னுடையது என்று ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். முடியவில்லையென்றால் கேமராவை மருமகன் கையில் கொடுத்துவிட்டு, மிச்ச காலத்துக்கு ஸ்டுடியோ வாசலில் உட்கார்ந்து ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போட வேண்டியது.

அப்போதுதான் பூங்கோதையைப் பற்றிக் கேள்விப்பட்டார்.

காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டில் இருக்கிறாள். கொறங்காடு என்றால் மாடு மேய்வதற்கென்றே விட்ட நிலம், சுற்றிலும் கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்திருப்பார்கள். முப்பத்தெட்டு வயசுக்காரி. பதினைந்து வருஷமாக அந்த வேலியைத் தாண்டி அவள் எதையும் படம் எடுத்ததில்லை. எடுத்ததெல்லாம் வேலிதான். அந்தப் படங்களைப் பெரிய பெரிய ஊர்களில் மாட்டி வைத்தார்களாம். ஜனங்கள் முன்னால் போய் நின்று பேச்சு மூச்சில்லாமல் பார்த்துவிட்டு வந்தார்களாம்.

வேலியில் அப்படி என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? தெய்வசிகாமணியும் அதைத்தான் கேட்டார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பூங்கோதை கட்டுத்தரையில் மாடுகளுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். தன்னைவிட இருபது வயசு சின்னவள். கும்பிடுவதா, சும்மா தலையாட்டுவதா என்று தெரியாமல் அவர் கை பாதி வழியில் நின்றது. ஊர், தொழில், முப்பத்திரண்டு வருஷக் கதை எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அம்மிணி, எனக்குக் கத்துக்குடுக்கோணுமுங்க."

"முப்பத்திரண்டு வருசம் எடுத்திருக்கீங்க. உங்களுக்கு நான் என்னத்தைங்கண்ணா கத்துக்குடுக்கறது?"

"எனக்குன்னு ஒரு படங்கூட இல்லீங்க. எல்லாம் ஆராரோ சொல்லி எடுத்தது."

பூங்கோதை கையிலிருந்த சோளத்தட்டாலேயே எதிரே காட்டினாள்.

"அந்த வேலி தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"ஒம்பது நாளு இருங்க. அதை ஒரு படம் எடுங்க. உங்க படமா இருக்கோணும்."

"வேலியில என்னங்க இருக்குது?"

"எனக்கெப்படிங்கண்ணா தெரியும்? நான் பார்த்தது மட்டுந்தானுங்களே எனக்குத் தெரியும்."

"படம் வரலீன்னா?"

"பத்தாம் நாளு காலையில பஸ்ஸு இருக்குதுங்க."

அவ்வளவுதான் பேச்சு. கட்டுத்தரைக்குப் பக்கத்திலேயே ஓர் அறையைக் காட்டிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதல் நாள் தெய்வசிகாமணி வேலியைச் சுத்தம் பண்ணினார்.

ஆமாம், சுத்தம் பண்ணினார். காய்ந்த இலைகளைக் கிள்ளி எடுத்தார். முள்ளில் மாட்டியிருந்த பாலிதீன் பையைப் பிய்த்து எறிந்தார். நீட்டிக்கொண்டிருந்த குச்சிகளை ஒடித்தார். கொண்டுவந்த பாட்டிலிலிருந்து இலைக்கெல்லாம் தண்ணீர் தெளித்தார். கொடியில் ஒரு சங்குப்பூ அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அதை இந்தப் பக்கம் திருப்பி நூலால் கட்டினார்.

இரண்டாம் நாள் ஓர் ஓணான் கிடைத்தது. வேலி உச்சியில் உட்கார்ந்திருந்தது. பழக்க தோஷம், அவரை அறியாமலே வாய் சொல்லிவிட்டது.

"கொஞ்சம் தாடையைத் தூக்குங்க. இந்தப் பக்கம் பாருங்க. ஆங், அப்படித்தான். சிரிங்க."

மாடு மேய்க்கிற பாவாத்தாள் பின்னால் நின்று கேட்டுவிட்டாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயசு, வாய் மட்டும் நாலு ஆளுக்குச் சமம். சிரிப்பு தாங்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அட சாமீ! ஓணானுக்குப் பொண்ணு பார்த்தாச்சா?"

அன்று மாலை பூங்கோதை படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா இருக்குதுங்க. ஆருக்குங்கண்ணா கல்யாணம்?"

மூன்றாம் நாளும் அதே கேள்வி. நாலாம் நாளும் அதே. ஐந்தாம் நாள் பார்த்துவிட்டு, "பந்தி போட்டாச்சுங்களா?" என்றாள். ஆறாம் நாள் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. ஏழாம் நாள் தெய்வசிகாமணி கேமராவை எடுக்கவே இல்லை. வேலி முன்னால் உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டிருந்தார். வேலியும் சளைக்கவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம், மேற்கு வேலிப் பக்கம் போனபோது அவருக்கு அந்த இடம் கண்ணில் பட்டது.

மாடு போய்வர வேலியில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். கடவு என்று பெயர். அந்தக் கடவு வழியாகப் பார்த்தால் பக்கத்துத் தோட்டத்துச் சோளப்பயிர், முழங்கால் உயரத்துக்கு. அதற்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வளைந்து வளைந்து அலங்கார வளைவு மாதிரி நின்றது. தெய்வசிகாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதோ வந்துவிட்டது என் படம்!

ஆனால் நடுவில் ஒரு படல் நின்றது.

படல் என்பது கடவை அடைக்கிற தட்டி. குச்சியும் முள்ளும் வைத்துக் கட்டியிருப்பார்கள். இதில் அதோடு என்னென்னமோ இருந்தன. உடைந்த கட்டில் காலொன்று, ஒரு சைக்கிள் டயர், கிழிந்த சேலைத் துண்டு, துருப்பிடித்த கம்பி, நைந்த கயிறு. பார்க்கச் சகிக்கவில்லை.

"கெரகம்," என்று சொல்லி அதைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தார்.

வழி திறந்தது. வெளிச்சம் தங்கமாக உள்ளே பாய்ந்தது. மூன்று படம் எடுத்தார். எடுத்த கையோடு ஓட்டமும் நடையுமாகக் கட்டுத்தரைக்குப் போனார்.

பூங்கோதை வெகுநேரம் பார்த்தாள்.

"வெளிச்சம் அருமையா இருக்குதுங்கண்ணா."

"இருக்குதுங்களா அம்மிணி!"

"இந்தக் கடவுல ஒரு படல் இருந்துச்சுங்களே?"

"அது அசிங்கமா இருந்துச்சுங்க. எடுத்துட்டனுங்க."

"மறுக்கா வெச்சீங்களா?"

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். அதிலிருந்து சத்தம் வருவதற்குள் மேற்கு வேலிப் பக்கமிருந்து பாவாத்தாளின் கூப்பாடு வந்தது.

"அம்மிணீ! மயிலை சோளத்துல பூந்துருச்சு! ஓடியாங்க!"

மழையில்லாமல் வாடின இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். அந்தப் பக்கத்தில் நடக்கப் பழகின பிள்ளைக்கும் அது தெரியும். மயிலைப் பசுவோ எட்டு மாசச் சினை. பூங்கோதை செருப்பைக்கூடத் தேடவில்லை. அவள் ஓடிய ஓட்டத்துக்குப் பின்னால் தெய்வசிகாமணியும் ஓடினார், விழுந்தார், எழுந்து ஓடினார்.

மாட்டை வெளியே ஓட்டி வந்தார்கள். அதற்குள் நாலைந்து வாய் தின்றிருந்தது. வாயோரம் நுரை தள்ளியது. கால் தள்ளாடியது. பாவாத்தாள் வெல்லத்தைக் கரைத்துப் புகட்டினாள். மாட்டு டாக்டர் வண்டியில் வந்து ஊசி போட்டார். பூங்கோதை மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். தெய்வசிகாமணி பத்தடி தள்ளி நின்றார். கிட்டப் போக அவருக்குத் தைரியமில்லை. ஆண்டவா, இரண்டு உயிர், இரண்டு உயிர் என்று அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நன்றாக இருட்டின பிறகு மயிலை காதை ஆட்டியது. பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்தது.

"தப்பிச்சுதுங்க," என்றார் டாக்டர்.

பாவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெய்வசிகாமணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படம் எடுங்கன்னு சொன்னா, படலை எடுத்திருக்கீங்க!"

பூங்கோதை மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளும் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒன்பதாம் நாள். கேமரா கழுத்தில் தொங்கியது. இனி அது மருமகனுக்கு.

"நான் கெளம்பறனுங்க அம்மிணி. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இங்க இருக்கறது?"

"கெளம்புங்க. எடுத்ததை எடுத்த எடத்துல வெச்சுட்டுக் கெளம்போணுமில்லீங்களா?"

"படல் ஒடைஞ்சு கெடக்குதுங்க. மாடு மிதிச்சுப் போட்டுது."

"வேலி கட்டற ராக்கியப்பன் முள்ளு வெட்டப் போயிருக்கறான். பொழுதோடதான் வருவான்."

"அதுவரைக்கும் கடவு?"

"நீங்க நில்லுங்க."

"நானா?"

"நீங்கதான் இன்னைக்குப் படல்."

தெய்வசிகாமணி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். கோபம் இருக்கிறதா என்று தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு நடந்தார்.

"அண்ணா."

திரும்பினார்.

"கேமராவைக் குடுத்துட்டுப் போங்க. படலுக்கெதுக்குங்க கேமரா?"

கடவில் போய் நின்றார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷர், நாலாயிரம் கல்யாணம் பார்த்தவர், முள்வேலிச் சந்தில் காவல் நின்றார். மாடுகள் வந்து அவரை ஒரு பார்வை பார்த்தன. வழி இல்லை என்று தெரிந்து திரும்பின. அவமானம் பிடுங்கித் தின்றது.

சும்மா நிற்கவும் முடியவில்லை. இரண்டு கைவிரல்களையும் சேர்த்துச் சட்டம் மாதிரி பிடித்து அதன் வழியாக ஒரு கண்ணால் பார்த்தார். பார்த்த அந்த நொடியில் ஒரு கெடேரிக் கன்று விலாப் பக்கமாகப் புகப் பார்த்தது. இரண்டு கையையும் அகல விரித்துத் தடுக்க வேண்டியதாகிவிட்டது. சரி, படலுக்குச் சட்டம் பிடிக்க முடியாது. அதைவிட்டார்.

அப்போதுதான் கிழக்கிலிருந்து வெயிலின் முதல் கீற்று வேலிமேல் விழுந்தது.

தெய்வசிகாமணி மூச்சு விட மறந்தார்.

வேலி முழுக்கச் சிலந்தி வலை. ஒன்றிரண்டல்ல, நூறு, இருநூறு. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஒவ்வொரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவில் நூல் ஓடியது. ஒவ்வொரு நூலிலும் பனித்துளி. வெயில் பட்டதும் வேலி மொத்தமும் ஒரேயடியாகப் பற்றிக்கொண்ட மாதிரி ஜொலித்தது. முதல் நாள் இதே வேலிக்கு அவர் பாட்டிலில் தண்ணீர் தெளித்திருக்கிறார்! நினைத்ததும் வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. கேமரா இல்லை. வாய் மட்டும், "அடேயப்பா, அடேயப்பா" என்றது.

கால் மணி நேரத்தில் பனி காய்ந்தது. வலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவருக்கு அவமானம் மறந்துபோனது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

முள்ளிலெல்லாம் மாட்டு முடி மாட்டியிருந்தது. இடுப்பு உயரத்தில் வெள்ளை, கொஞ்சம் கீழே செவலை, முழங்கால் உயரத்தில் கன்றுகளுடையது. எந்த மாடு எங்கே உரசி அரிப்பைத் தீர்த்துக்கொண்டது என்று வேலி ஒவ்வொன்றாகச் சொல்லிற்று. ஒரு சின்னக் குருவி வந்து, செவலை முடியை விட்டுவிட்டு வெள்ளை முடியை மட்டும் இழுத்தது. ஏன் வெள்ளை மட்டும்? அது என்ன கல்யாணப் பட்டா எடுக்கிறது? அலகு நிறைய எடுத்துக்கொண்டு வேலிக்குள்ளேயே எங்கேயோ நுழைந்துபோனது. அந்த முள்ளுக்குள் ஒரு குடும்பம் இருக்கிறது!

காலையில் சோளக்காட்டுப் பக்கம் நீளமாகப் படுத்திருந்த வேலியின் நிழல், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அசைவது தெரியவில்லை. ஆனால் அசைந்திருந்தது. உச்சி வேளைக்கு வேலி தன் நிழலைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டது.

மாடுகள் வெள்வேல மரத்தடியில் படுத்துவிட்டன. இனிக் கொஞ்ச நேரம் உட்காரலாம். உடைந்த படலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நேற்று கெரகம் என்று தூக்கிச் சாய்த்தது. முதல்முறையாக அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

அதில் இருந்த முடிச்சுகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

பாவாத்தாள் தூக்குப்போசியில் கம்பங்கூழ் கொண்டுவந்தாள். நேற்றைய கோபம் அவளுக்குப் பாதி ஆறியிருந்தது.

"குடிங்க. படலுக்கும் பசிக்குமில்லீங்க."

தெய்வசிகாமணி போசியை வாங்கவில்லை. படலைக் காட்டினார்.

"இந்தச் சேலைத் துண்டு ஆரு கட்டுனதுங்க?"

"நாந்தான். எங்க பெரிய புள்ள சீருக்கு எடுத்த சேலைங்க அது. கிழிஞ்சு போச்சு. வீசறதுக்கு மனசு வரல, இதுல கட்டி உட்டேன்."

"இந்தக் கம்பி?"

"ராக்கியப்பன். அவனுக்கு வலது கையில ரெண்டு வெரலு இல்ல. அதான் முறுக்கு அப்படி எடது பக்கமா ஓடுது."

"இந்தக் கயிறு?"

பாவாத்தாள் போசியைக் கீழே வைத்தாள்.

"அது அம்மிணியோட ஊட்டுக்காரரு கட்டுனது. அவரு போயி ஆறு வருசமாச்சு. நைஞ்சு போச்சு, மாத்திரலாம்னு எத்தனையோ தடவை ராக்கியப்பன் சொல்லிட்டான். அம்மிணி உடலீங்க."

தெய்வசிகாமணி படலை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். படல் நாலாக உடைந்திருந்தது. கட்டில் கால் முறிந்திருந்தது. சினை மாடு அத்தனை கனத்தோடு மிதித்தும், அந்தக் கயிற்று முடிச்சு மட்டும் அவிழவில்லை. இரண்டு குச்சிகளைச் சேர்த்துப் பிடித்தது பிடித்தபடியே இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்குள்ளே வேறு ஒன்று திறந்துகொண்டது.

முடிச்சு.

நாலாயிரம் கல்யாணம். கல்யாணத்துக்கு மூன்று முடிச்சு. தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கு விரல் நடுங்கும். சிலபேருக்கு முதல் முடிச்சு விழவே விழாது. ஒருத்தன் இடதுகைப் பழக்கக்காரன், கயிறு நழுவி நழுவிப் போயிற்று. ஒரு பெண் தலையைக் குனிந்து தன் பின்கழுத்தில் அந்த விரல் படுவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அக்கா மூன்றாம் முடிச்சைப் போட்டுக்கொண்டே அழுதாள். அத்தனையும் அவருக்கு இரண்டடி தூரத்தில் நடந்தது. நடந்தபோதெல்லாம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

"மாப்பிள்ளை, இந்தப் பக்கம் பாருங்க. பொண்ணு, சிரிங்க," என்று கத்திக்கொண்டிருந்தார்.

நாலாயிரம் கல்யாணமும் வேறு வேறாகத்தான் நடந்திருக்கிறது. ஒன்றாக ஆக்கினது அவர்தான்.

தெய்வசிகாமணி படலை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பாவாத்தாள் பயந்துபோனாள்.

"ஏனுங்க? என்னுங்க ஆச்சு? மயிலை நல்லாத்தான் இருக்குது, நீங்களே பாருங்க!"

மயிலை நன்றாகத்தான் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் அது எழுந்து, நேராகக் கடவுக்கு வந்தது. மாட்டுக்கு நேற்றுத் தின்ற ருசி மறக்கவில்லை. தெய்வசிகாமணி எழுந்து கையை விரித்து நின்றார். அது நெற்றியை அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளியது. மூச்சு சூடாக அடித்தது. அவர் கால் சறுக்கியது, ஆனாலும் நின்றார். வயிற்றின் பக்கம் தோல் ஒரு தரம் அசைந்ததைப் பார்த்தார். உள்ளே இருக்கிற கன்று திரும்பிப் படுத்தது.

"போ சாமி," என்றார் மெதுவாக. "போ தாயீ. இந்தப் பக்கம் வேண்டாம்."

அவருடைய ஆயுசில், தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முகத்தை இந்தப் பக்கம் பார் என்று சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. மயிலை பார்த்தது. அவரும் பார்த்தார். பிறகு அது திரும்பிப் போயிற்று.

வேலியின் நிழல் இப்போது கொறங்காட்டுக்குள் நீண்டு வந்துகொண்டிருந்தது.

ராக்கியப்பன் முள்ளுக்கட்டோடு வந்துசேர்ந்தான். பின்னாலேயே பூங்கோதையும் வந்தாள். தெய்வசிகாமணியின் கேமரா அவள் தோளில் தொங்கியது.

அவர் எதுவும் சொல்வதற்கு முன் கையெடுத்துக் கும்பிட்டார். இந்தத் தடவை கை பாதி வழியில் நிற்கவில்லை.

"தெரியாம எடுத்துட்டனுங்க அம்மிணி. அந்தக் கயிறு... எனக்குத் தெரியாதுங்க."

பூங்கோதை குனிந்து உடைந்த படலிலிருந்து அந்த முடிச்சிருந்த இரண்டு குச்சிகளைத் தனியாக எடுத்தாள். கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள்.

"அவுழலீங்களே," என்றாள். "அப்புறமென்னுங்கண்ணா."

புதுப் படல் கட்ட ஆரம்பித்தார்கள். கயிற்று முடிச்சோடு அந்தக் குச்சிகளை நடுவில் வைத்தான் ராக்கியப்பன். சுற்றிலும் முள்ளைப் பரப்பினான். கம்பியை இடது பக்கமாக முறுக்கினான். பாவாத்தாளின் சேலைத் துண்டு மறுபடி ஏறியது. சைக்கிள் டயரும் ஏறியது. மேல் மூலையில் ஒரு கட்டு பாக்கி இருந்தது. ராக்கியப்பன் ஒரு சணல் கயிற்றைத் தெய்வசிகாமணி பக்கம் நீட்டினான்.

"நானா?"

"பகல் பூரா நின்னது நீங்கதானுங்களே," என்றான் ராக்கியப்பன்.

தெய்வசிகாமணி கட்டினார். முள் குத்தியது. விரல் நடுங்கியது. முதல் முடிச்சு நழுவிப்போயிற்று. இரண்டாவது விழுந்தது. ஒரு பக்கம் பெரிசாக, ஒரு பக்கம் சிறிசாக, வால் ஒன்று நீட்டிக்கொண்டு, கோணலாக விழுந்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டது.

படலைக் கடவில் தூக்கி நிறுத்தினார்கள். ராக்கியப்பனும் பாவாத்தாளும் மாடுகளை ஓட்டிக்கொண்டு கட்டுத்தரைப் பக்கம் போனார்கள்.

நேற்று இதே நேரம், இதே இடம். பொழுது சோளத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் படலின் ஒவ்வொரு சந்து வழியாகவும் கசிந்து வந்தது. கம்பி மினுங்கிற்று. சேலைத் துண்டு சிவப்பாக எரிந்தது. நைந்த கயிற்றின் ஒவ்வொரு பிசிரும் தனித்தனியாக வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்கு மேலே மூலையில், பச்சைச் சணலில், அவருடைய முடிச்சு.

வேலிக்கு முன்னால் நிற்கிற மாதிரியே அவருக்கு இல்லை. கோயிலில் திரை விலகினது போல இருந்தது.

பூங்கோதை கேமராவை அவரிடம் நீட்டினாள்.

"ஒம்பதாம் நாளு இன்னும் முடியலீங்க."

வாங்கினார். கண்ணில் வைத்தார். அந்த முடிச்சைத்தான் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவருக்கென்று விழுந்த முதல் படம், இதோ எதிரே நின்றது.

பார்த்தவர், கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். இரண்டு எட்டு முன்னால் வைத்துக் கையை நீட்டி முடிச்சைத் தொட்டார்.

"அம்மிணி, கொஞ்சம் கோணலா இருக்குதுங்க. ஒரு நிமிசம், நேராக்கிட்டு எடுத்துக்கட்டுங்களா?"

"நேராக்கிட்டீங்கன்னா," என்றாள் பூங்கோதை, "அப்புறம் எதைங்கண்ணா எடுப்பீங்க?"

தெய்வசிகாமணி முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.